வீட்டுத்தோட்டமும் உடல்நலமும்: நான்கு பருவங்களுக்கும் ஒரு வழிகாட்டி



வழமையாக இப்பகுதியில் ஒரு நோயைப் பற்றியோ ஒரு மருந்தைப் பற்றியோ எழுதுவோம். இம்முறை மருந்துச் சிட்டையில் எழுதிக் கொடுக்க முடியாத ஒன்றைப் பற்றிப் பார்ப்போம். அதுதான் வீட்டுத்தோட்டம்.

"தொடர்மாடியில ஏழாம் மாடியில இருக்கிற எங்களுக்கு என்ன தோட்டம் டொக்டர்?" என்று நீங்கள் கேட்பது எமக்கு விளங்குகிறது. காணியும் கிணறும் தேவையில்லை. வெயில் படும் ஒரு யன்னல் ஓரம், நான்கைந்து சட்டிகள், ஒரு பை மண் இருந்தால் போதும். ஆனால் ஊரில் செய்ததை அப்படியே இங்கு செய்தால் பயிரும் சாகும், நாரியும் பிடிக்கும். இந்நாட்டின் பருவங்களை அறிந்து செய்தால் செடியும் தப்பும், எமது உடலும் நன்மை பெறும். இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது இதுதான்.

(மாதப் பெயர்களை எம்மவர் பேச்சு வழக்கின்படியே எழுதுகிறோம். தை என்றால் சனவரி, மாசி என்றால் பெப்ரவரி எனக் கொள்க.)

ஒரு தாயாரின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயார் எம்மிடம் சிகிச்சைக்கு வந்தார். அடையாளம் தெரியாதவாறு சில விபரங்களை மாற்றியே எழுதுகிறோம். எழுபதை நெருங்கிய வயது. வன்னியில் தோட்டம் செய்த குடும்பம். கணவர் இல்லை. 2009 இற்குப் பின்னர் பிள்ளைகள் அவரை இங்கு அழைத்துக்கொண்டார்கள். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் வீடு திரும்புவார்கள். அம்மாவுக்கு மொழி தெரியாது, தனியே வெளியில் போகப் பயம். நீரிழிவு கட்டுப்படவில்லை. முழங்கால் நோ, நித்திரையின்மை, சாப்பாட்டில் விருப்பமின்மை என்று ஒவ்வொரு முறையும் ஒரு புதிய முறைப்பாடு. நாமும் குருதிப் பரிசோதனை செய்வோம், மாத்திரையை மாற்றுவோம். கார்த்திகை பிறந்தால் நிலைமை இன்னும் மோசமாகிவிடும்.

ஒருநாள் பேச்சுவாக்கில், "அம்மா, ஊரில விடிய எழும்பி முதல் என்ன செய்வீங்கள்?" என்று கேட்டோம். அதுவரை ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி வந்தவர் கால் மணித்தியாலம் இடைவிடாமல் பேசினார். மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் கட்டியது, பயிற்றைக்குத் தடி நட்டது, பாவல் பந்தல், கிணற்றடி வாழை எல்லாம் வந்தன. முடிவில், "இப்ப அதெல்லாம் ஆர் பாக்கினமோ தெரியாது" என்றார்.

அன்று மருந்துச் சிட்டையைக் கொடுத்துவிட்டு, ஒரு பை மண்ணும் மூன்று சட்டிகளும் வாங்கிக் கொடுக்கும்படி மகனிடம் சொன்னோம். அதன்பின் நடந்ததைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறோம்.

தோட்டம் உடலுக்கு என்ன செய்கிறது?

முதலாவது, உடலசைவு. வளர்ந்தவர்கள் வாரத்தில் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்யவேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. மண் கலப்பது, நீர் சுமப்பது, குனிந்து நிமிர்வது எல்லாம் இக்கணக்கில் சேரும். தெற்காசியர்களாகிய எமக்கு, ஐரோப்பியர்களை விடக் குறைந்த உடல்நிறையிலேயே நீரிழிவும் இதயநோயும் வருகின்றன. ஆகவே எடையை மட்டும் பார்க்காமல் இடுப்புச் சுற்றளவையும் அளந்து பாருங்கள். எம்மவரில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கை எல்லைகள்.

இரண்டாவது, உணவு. நாளொன்றுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ணவேண்டும் என்பர். பிரான்சில் 2001 இல் தொடங்கிய தேசிய போசாக்குத் திட்டம் இதையே "ஒரு நாளைக்கு ஐந்து" என்று எல்லோருக்கும் மனப்பாடமாக்கியது. எமது கோப்பையைப் பார்ப்போம். நடுவில் சோறு மலைபோல, ஓரத்தில் ஒரு கரண்டி கீரை. இது தலைகீழாக வேண்டும். கடையில் வாங்கிய கீரை குளிர்ப்பெட்டியில் வாடிப்போகும். தன் கையால் வளர்த்த கீரையை எவரும் வாடவிடுவதில்லை.

மூன்றாவது, மனம். போரையும் இழப்பையும் கண்டு வந்தவர்களில் பலருக்கு விடிய எழும்புவதற்கே ஒரு காரணம் தேவைப்படுகிறது. தண்ணீருக்குக் காத்திருக்கும் ஒரு செடி அக்காரணமாக அமையலாம். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். தோட்டம் மருந்துக்குத் துணையே தவிர, மருந்துக்குப் பதில் அல்ல. தொடர்ந்து நித்திரையில்லை, அழுகை வருகிறது, வாழ்க்கை வெறுக்கிறது என்றால் செடியோடு நிற்காமல் மருத்துவரிடம் வாருங்கள்.

தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

இடம்: தெற்கு அல்லது மேற்குப் பார்த்த பல்கனி மிளகாய், தக்காளி, கத்தரிக்கு ஏற்றது. வடக்குப் பார்த்த யன்னல் என்றால் புதினாவோடும் கொத்தமல்லியோடும் திருப்திப்படுங்கள். சட்டிகளைக் கைபிடிக் கம்பியின் உட்பக்கமாகவே மாட்டுங்கள். விழுந்தால் கீழே போகிறவரின் தலை. கட்டடத்தின் ஒழுங்குவிதிகளையும் வாடகை ஒப்பந்தத்தையும் ஒருமுறை வாசியுங்கள். கீழ்மாடிக்காரரின் யன்னலில் நீர் வடியவிடாதீர்கள்.

சட்டி: அடியில் துவாரம் இருக்கவேண்டும். மிளகாய்க்கு 10 லீற்றர், தக்காளிக்கும் கத்தரிக்கும் 20 லீற்றர் கொள்ளும் சட்டிகள் நல்லது. கீரைக்கு ஒரு சாண் ஆழம் போதும். நனைந்த மண் நிறைந்த பெரிய சட்டி 30 கிலோவைத் தாண்டலாம். அதைக் குனிந்து தூக்கினால் நாரி பிடிக்கும். சட்டியை வைக்கவேண்டிய இடத்தில் வைத்துவிட்டுப் பின்னர் மண்ணை நிரப்புங்கள். முழங்கால் நோ உள்ளவர்கள் சட்டிகளை ஒரு மேசை உயரத்தில் வைத்துக் கதிரையில் இருந்து வேலை செய்யலாம்.

மண்: பூங்காவிலோ தெருவோரத்திலோ மண் அள்ளி வராதீர்கள். பாரிசும் அதன் வடக்குப் புறநகர்களும் நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொழிற்சாலைகளும் புகையிரதப் பாதைகளும் இருந்த இடங்கள். பல இடங்களில் மண்ணில் ஈயம் போன்ற பார உலோகங்கள் உள்ளன. 2023 கார்த்திகையில் பாரிசையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 410 நகரசபைப் பகுதிகளில், வீட்டுக் கோழிகளின் முட்டைகளை உண்ணவேண்டாம் என்று பிராந்திய சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. கோழி மண்ணைக் கொத்தித் தின்பதால், டயொக்சின் போன்ற மாசுகள் முட்டைக்கு வந்துவிடுகின்றன. எனவே கடையில் "தெறோ" என்று கேட்டால் தரும் சட்டி மண்ணையே வாங்குங்கள். 1949 இற்கு முன் கட்டிய வீடுகளில் பழைய வர்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். அது உதிரும் யன்னலடியில் உண்ணும் செடிகளை வைக்காதீர்கள். ஈயம் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

மண் பையைத் திறக்கும்போது முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாமல், காற்றோட்டமான இடத்தில் மெதுவாகத் திறந்து, சிறிது நீர் தெளித்துக்கொள்ளுங்கள். சட்டி மண்ணின் தூசியில் லெஜியோனெல்லா என்ற கிருமியின் ஒரு வகை இருக்கலாம். அது அரிதாகவே நோய் தரும். ஆனால் முதியோருக்கும் நுரையீரல் நோயாளருக்கும் அது கடுமையான நிமோனியாவாக மாறலாம்.

தடுப்பூசி: மண் என்றால் ஏற்புவலியை (ரெற்றனசு) மறக்கக்கூடாது. பிரான்சின் அட்டவணைப்படி வளர்ந்தவர்கள் 25, 45, 65 வயதுகளிலும், அதன்பின் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் இத்தடுப்பூசியைப் போடவேண்டும். எம்மவரில் பலர் இடம்பெயர்ந்தபோது தடுப்பூசி அட்டையைத் தொலைத்தவர்கள். "போட்டதா, இல்லையா தெரியாது" என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். மீண்டும் ஒழுங்குபடுத்திவிடலாம். காயம் பட்டால் உடனே சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் பல்கனிக்குத்தானே என்று வெறுங்காலோடு போகவேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு ஒரு கூரிய கல் குத்தியதும் தெரியாது, காயம் புண்ணானதும் தெரியாது. மூடிய செருப்பு அணியுங்கள். கர்ப்பிணிகள் கையுறை அணிந்து, வேலை முடிந்ததும் கை கழுவி, பச்சை மரக்கறிகளையும் நன்றாகக் கழுவி உண்ணவேண்டும். பூனை மலத்தால் மண்ணில் சேரும் தொக்சோபிளாஸ்மா கிருமி கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கலாம்.

இளவேனில் (மாசி இறுதி முதல் வைகாசி வரை)

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணிநேரம். பாரிசிலோ மார்கழியில் சுமார் 8 மணிநேரம், ஆனியில் சுமார் 16 மணிநேரம். இங்கு எல்லாப் பயிரும் இவ்வெளிச்சத்தின் கணக்கில்தான் நடக்கிறது.

மாசிக் கடைசியிலும் பங்குனியிலும் மிளகாய், கத்தரி, தக்காளி விதைகளை வீட்டுக்குள்ளே முளைக்கப் போடவேண்டும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் 25 பாகை அளவு சூடு தேவை. வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டு மூன்று வாரங்களில் முளைக்கும். முளைத்தவுடன் யன்னலடிக்கு மாற்றிவிடுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் கன்று நூல்போல நீண்டு விழும்.

எமது முதலாம் ஆண்டு அனுபவத்தையும் சொல்லிவிடுகிறோம். சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு நல்ல வெயில் எறித்தது. இருபது மிளகாய்க் கன்றுகளையும் வெளியில் வைத்தோம். மூன்றாம் நாள் இரவு உறைபனி. விடிய எழும்பிப் பார்த்தால் கன்றுகள் அவித்த கீரைபோலக் கிடந்தன. ஊரில் சித்திரை என்றால் அனல். இங்கு சித்திரை நம்பமுடியாத மாதம். பிரெஞ்சு விவசாயிகள் மே 11, 12, 13 ஆகிய நாட்களைப் "பனிப் புனிதர்கள்" நாட்கள் என்பார்கள். அந்நாட்கள் கழியும்வரை சூடு விரும்பும் கன்றுகளை வெளியில் நடமாட்டார்கள். அதற்கு முந்திய ஒரு கிழமை கன்றுகளைப் பகலில் வெளியிலும் இரவில் உள்ளேயும் வைத்துப் பழக்குங்கள்.

சித்திரையில் வெளியிலேயே விதைக்கக் கூடியவை வெந்தயம், கொத்தமல்லி, முள்ளங்கி. லாச்சப்பல் கடையில் சமையலுக்கு வாங்கும் வெந்தயமும் முழு மல்லியும் விதையாகவும் உதவும். மல்லியை மெதுவாக உருட்டி இரண்டாக உடைத்துப் போடுங்கள். புதினாவும் பொன்னாங்காணியும் இன்னும் எளிது. கடையில் வாங்கிய கட்டின் தண்டை நீரில் வைத்தால் வேர்விடும்.

இக்காலத்தில் கண்கடி, தொடர் தும்மல், மூக்கடைப்பு என்று பலர் வருகிறார்கள். "தடிமன் மாறுதில்லை" என்பார்கள். அது தடிமன் அல்ல, மகரந்த ஒவ்வாமை. சித்திரையில் பேர்ச் மரமும், வைகாசி முதல் ஆடி வரை புற்களும் மகரந்தத்தைப் பரப்புகின்றன. ஊரில் இல்லாத இவ்வருத்தம் இங்கு வந்து பல ஆண்டுகள் கழித்தும் தொடங்கலாம். இரவில் இருமலும் நெஞ்சு இழுப்பும் சேர்ந்தால் தாமதியாமல் காட்டுங்கள்.

கோடை (ஆனி, ஆடி, ஆவணி)

இதுதான் எமது பயிர்களின் காலம். முளைக்கீரையை வைகாசிக் கடைசியில் தூவினால் நாலைந்து வாரத்தில் பிடுங்கலாம். ஆடிக் கடைசி வரை திரும்பத் திரும்பத் தூவலாம். போஞ்சி இலகுவாக வரும். பயிற்றையும் பாவலும் சுவரின் சூடு படும் இடத்திலேயே காய்க்கும். மிளகாய் ஆவணியில் பழுக்கத் தொடங்கும்.

காலை 9 மணிக்கு முன்னரோ சூரியன் மறைந்த பின்னரோ நீர் ஊற்றுங்கள். செடிக்கும் அது நல்லது, உங்களுக்கும் அது நல்லது. 2003 ஆவணி வெப்ப அலையில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். 2019 யூலை 25 ஆம் நாள் பாரிசில் 42.6 பாகை பதிவானது. "நாங்கள் வெயிலில் பிறந்த ஆக்கள்" என்று நினைக்கவேண்டாம். வயது போகப் போகத் தாக உணர்வு குறைகிறது. தகரக் கூரையின் கீழ் உள்ள மேல்மாடி அறை இரவிலும் ஆறுவதில்லை. செடிக்கு ஒரு குவளை ஊற்றும்போது நீங்களும் ஒரு குவளை குடியுங்கள். நீர் வெளியேற்றும் மாத்திரை எடுப்பவர்களும் இதயநோயாளரும் எவ்வளவு குடிக்கலாம் என்பதைத் தம் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அடுத்தது நுளம்பு. வெள்ளை வரிகள் கொண்ட புலி நுளம்பு 2004 இல் தென்பிரான்சின் மொந்தோன் நகரில் காணப்பட்டது. இப்போது பாரிஸ் பிராந்தியத்திலும் நிலைகொண்டுவிட்டது. பகலில் கடிக்கும் இந்நுளம்பு டெங்கு, சிக்குன்குனியா நோய்களைப் பரப்பவல்லது. 2023 இல் பாரிசுக்கு அருகே வல்-து-மார்ன் மாவட்டத்தில், வெளிநாடு செல்லாத ஒருவருக்கு டெங்கு தொற்றியது. 2025 கோடையில் பிரான்ஸ் மண்ணிலேயே நூற்றுக்கணக்கானோருக்குச் சிக்குன்குனியா தொற்றியது. இந்நுளம்பு முட்டையிடச் சட்டியின் கீழ்த் தட்டில் தேங்கும் சிறிதளவு நீரே போதும். வாரம் ஒருமுறை தட்டுகளைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். உலர்ந்த தட்டில் ஒட்டிய முட்டை குளிரையும் தாங்கி அடுத்த ஆண்டு பொரிக்கும். ஆகவே தேய்ப்பது முக்கியம்.

ஊருக்குப் போய்த் திரும்பி இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சலோ கடும் மூட்டுவலியோ வந்தால் மருத்துவரிடம் போய், பயணம் செய்ததைக் கட்டாயம் சொல்லுங்கள். அதுவரை பரசிற்றமோல் (டொலிப்ரான்) மட்டும் எடுக்கலாம். அஸ்பிரின், இபுபுறோபன் வேண்டாம். டெங்கு என்றால் அவை குருதிக் கசிவை அதிகரிக்கும்.

பூச்சி வந்தால் மருந்து தேடி அலையவேண்டாம். 2019 சனவரி 1 முதல் வீட்டுத்தோட்டக்காரர் செயற்கைப் பூச்சிகொல்லிகளை வாங்குவதும் பாவிப்பதும் வைத்திருப்பதும் பிரான்சில் தடை. ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்து தந்தாலும் தொடாதீர்கள். அவை எமது கிராமங்களில் எத்தனை உயிர்களைக் குடித்தன என்பது எல்லோருக்கும் தெரியும். அசுவுணிக்குச் சவர்க்கார நீர் போதும்.

இன்னொரு எச்சரிக்கை. பூசணி, சுரை, கூர்ஜெற் ஆகியவற்றின் விதையை எடுத்து வைத்து அடுத்த ஆண்டு நடுவது எமது வழக்கம். பக்கத்தில் அலங்காரப் பூசணி இருந்தால் மகரந்தம் கலந்து, அவ்விதையில் வரும் காய் கசக்கும். அக்கசப்பு கியூகர்பிற்றசின் என்ற நஞ்சு. அவித்தாலும் அழியாது. கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். இந்தியாவில் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்துச் சிலர் இறந்துமுள்ளனர். பாவற்காய் தின்று பழகிய எமக்குக் கசப்பு என்றால் "உடம்புக்கு நல்லது" என்ற எண்ணம் வரும். பாவற்காயின் கசப்பு வேறு, இது வேறு. சமைக்குமுன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புங்கள். கசந்தால் முழுவதையும் எறிந்துவிடுங்கள்.

இலையுதிர் காலம் (புரட்டாதி, ஐப்பசி)

பழுக்காத தக்காளியைக் கறி வையுங்கள். மிளகாயை நூலில் கோத்துச் சமையலறையில் தொங்கவிடுங்கள். இங்கு முற்றத்தில் காயவைக்க வெயில் இல்லை, ஈரமாகப் போத்தலில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். மோர்மிளகாயும் ஊறுகாயும் போடுபவர்கள் உப்பைக் கவனியுங்கள். குருதியமுக்கம் உள்ளவருக்கு அது கறியல்ல, தொட்டுக்கொள்ள ஒரு துளி.

இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போகத் தொடங்கியதும் கறிவேப்பிலை, வல்லாரை, முருங்கைக் கன்று ஆகியவற்றை உள்ளே எடுங்கள். ஐப்பசியில் வெறும் சட்டிகளில் உள்ளிப் பல்லை ஊன்றிவிடுங்கள். அது குளிரை விரும்பும், அடுத்த ஆனியில் பிடுங்கலாம்.

ஐப்பசி நடுப்பகுதியில் தடிமன்காய்ச்சல் தடுப்பூசியும் வரும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் நீரிழிவு, இதயம், ஆஸ்த்மா நோயாளருக்கும் அது இலவசம். உள்ளி நடும் வாரத்தில் ஊசியும் போடுவது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் ஊருக்குப் போனவர்கள் பெட்டியில் விதையும் கன்றும் கொண்டுவருவதுண்டு. 2019 டிசம்பர் 14 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து செடி, நடும் விதை, பழம், மரக்கறி எதைக் கொண்டுவந்தாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, துரியான் ஆகிய ஐந்து பழங்களுக்கு மட்டுமே விலக்கு. விதைகளை இங்கேயே வாங்குங்கள்.

குளிர்காலம் (கார்த்திகை, மார்கழி, தை)

கார்த்திகை முதல் மாசி வரை பாரிஸ் வெயிலில் விற்றமின் டி உண்டாக்கும் கதிர்கள் போதியளவு இல்லை. எமது கருந்தோலுக்கு மற்றக் காலங்களிலும் கூடுதல் வெயில் தேவை. மூடிய யன்னலடியில் இருந்து வெயில் காய்ந்தாலும் பயனில்லை. கண்ணாடி அக்கதிர்களை மறித்துவிடும். உடல் உளைவு, தசைச் சோர்வு, படியேற இயலாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டு விற்றமின் டி எடுக்கவேண்டும். ஆனால் ஒருவருக்கு எழுதிய குப்பியை வீட்டில் எல்லோரும் பங்குபோடக் கூடாது.

செடியும் இக்காலத்தில் உறங்குகிறது. அது வாடுகிறதே என்று தினமும் நீர் ஊற்றினால் வேர் அழுகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். படுக்கையறையில் ஈரச்சட்டிகளைக் குவிக்காதீர்கள். ஏற்கெனவே ஈரம் ஊறும் வீடுகளில் பூஞ்சணம் பெருகிப் பிள்ளைகளின் ஆஸ்த்மாவைக் கூட்டும். நாளுக்குப் பத்து நிமிடம் யன்னலைத் திறவுங்கள். பகலில் அரை மணித்தியாலம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். மேகமூட்டமான பகல் வெளிச்சமும் வீட்டு விளக்கை விடப் பன்மடங்கு அதிகம். மனச் சோர்வுக்கு அது உதவும்.

உண்ணும்போது யார் கவனிக்க வேண்டும்?

குருதி உறைவதைத் தடுக்கும் பழைய வகை மருந்துகளை (பிறெவிஸ்கான், கூமடின்) எடுப்பவர்கள், தோட்டத்தில் கீரை விளைந்துவிட்டது என்று திடீரெனத் தினமும் உண்ணக்கூடாது. கீரையிலுள்ள விற்றமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும். வாரந்தோறும் ஒரே அளவாக உண்ணுங்கள். சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் கீரை, தக்காளி ஆகியவற்றிலுள்ள பொற்றாசியத்தைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நீரிழிவுக்காரர் பாவற்காய்க் கறியைத் தாராளமாக உண்ணலாம். ஆனால் பாவற்காய்ச் சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்தவேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் நீண்ட நேரம் மண்வேலை செய்தால் சீனி இறங்கலாம். சட்டைப்பையில் சீனிக்கட்டி வைத்திருங்கள்.

நஞ்சுச் செடிகள்

கார்த்திகைப்பூவை நாம் போற்றி வளர்க்கிறோம். அதன் எல்லாப் பாகங்களும், குறிப்பாகக் கிழங்கு, கொல்கிசின் என்ற கடும் நஞ்சு கொண்டவை. கிழங்கு பார்வைக்கு வள்ளிக்கிழங்கு போலிருக்கும். சமையலறையில் வைக்கவே வேண்டாம். இங்கு "லோறியே றோஸ்" என்று அழகுக்காக விற்கும் செடி எமது அலரியே. அதுவும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் இவை இரண்டும் கைக்கெட்டாத இடத்தில் இருக்கட்டும்.

யாராவது உண்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவோ பால் கொடுக்கவோ வேண்டாம். 15 ஐ அழையுங்கள். பாரிஸ் நஞ்சுத் தடுப்பு நிலையத்தின் இலக்கம் 01 40 05 48 48. எமது கடைகள் நிறைந்த போபூர் சென் தெனி வீதியிலுள்ள பெர்னான் விடால் மருத்துவமனையின் பெயரோடு அறியப்பட்ட நிலையம் அது. இவ்விலக்கத்தைக் குளிர்ப்பெட்டியில் எழுதி ஒட்டுங்கள்.

பல்கனியும் இல்லாதவர்களுக்கு

1896 இல் லெமீர் என்ற பாதிரியார், தொழிலாளர் குடும்பங்களுக்குச் சிறு துண்டு நிலம் கிடைக்க ஒரு சங்கத்தைத் தொடங்கினார். இன்றைய குடும்பத் தோட்டங்கள் அதன் தொடர்ச்சி. ஓபர்வில்லியேயில் அத்தகைய தோட்டங்கள் 1935 முதல் உள்ளன. லாச்சப்பல் கூட 1860 இல் பாரிசோடு இணைக்கப்படும்வரை தனிக் கிராமமே. அதற்கு வடக்கே ஓபர்வில்லியேயை அடுத்த வேர்த்து சமவெளி, பாரிசுக்கு மரக்கறி தந்த பெரும் தோட்ட வெளியாக இருந்தது. "வேர்த்து மஞ்சள் வெங்காயம்" என்ற விதை இன்றும் விற்பனையில் உண்டு. சிவந்த மண்ணில் வெங்காயம் செய்தவர்களின் பிள்ளைகள் நாம். வெங்காயத்துக்குப் பெயர்போன மண்ணின் பக்கத்திலேயே வந்து குடியேறியிருக்கிறோம்.

பாரிஸ் நகரசபை "மான் வேர்த்" என்ற திட்டத்தின் கீழ்ப் பகிர்வுத் தோட்டங்களை ஆதரிக்கிறது. புறநகரில் வாழ்பவர்கள் தமது நகரசபையில் குடும்பத் தோட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். காத்திருப்போர் பட்டியல் நீளமானது. ஆகவே இன்றே பெயரைப் பதியுங்கள். மொழி பழகவும் அயலவரை அறியவும் இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

அந்தத் தாயார்

முதலாம் ஆண்டு அவர் மிளகாயும் கீரையும் வைத்தார். எதிர்வீட்டு அல்ஜீரியத் தாயார் புதினா கொடுத்தார், இவர் மிளகாய் கொடுத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. பின்னர் இருவரும் சேர்ந்து சந்தைக்கு நடக்கத் தொடங்கினார்கள். அவருடைய நீரிழிவு மாறிவிடவில்லை, மாத்திரையும் நிற்கவில்லை. ஆனால் சீனி முன்னரை விடக் கட்டுப்பட்டது. நித்திரை வந்தது.

இரண்டாம் குளிரில் அவருடைய கறிவேப்பிலைக் கன்று இலை எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. எம்மிடம் வந்து, "இதுவும் போட்டுதோ டொக்டர்?" என்று அழுதார். அந்த "இதுவும்" என்ற சொல்லுக்கு எம்மிடம் மருந்து இருக்கவில்லை. விரல் நகத்தால் தண்டைச் சுரண்டிப் பார்க்கச் சொன்னோம். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது, எறியவேண்டாம், நீரைக் குறைத்து வைகாசி வரை பொறுத்திருங்கள் என்றோம். இரண்டு தண்டில் ஒன்று காய்ந்துபோயிருந்தது. மற்றதில் பச்சை இருந்தது. வைகாசிக் கடைசியில் அதில் துளிர் வந்தது. அடுத்த முறை வந்தபோது ஒரு கடதாசியில் சுற்றி ஐந்தாறு கறிவேப்பிலை இலைகளை எமது மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

வாசகர்களே, வருகின்ற மாசியில் ஒரு சட்டியில் நான்கு மிளகாய் விதை போடுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் அவரிடம் கேட்டுப் போடுங்கள். அவருக்குத் தெரிந்தது எமக்குத் தெரியாது.

நலமே வாழ்க.